துருவின் மேல் ஒரு கோட்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஷட்டர்களுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப்படுகிறது. சில மாதங்களில் உரிகிறது. பழி பெயிண்டின் மேல் விழுகிறது. உண்மையான சிக்கல், யாரும் கூலி தராத ஒரு வேலையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சுரண்டும்போது பறக்கும் தூசியில்.

இரவு பதினொரு மணிக்கு மேல் திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் கண்ணில் படுவது கடைகள் அல்ல, ஷட்டர்கள். பச்சை, நீலம், சாம்பல், காவி என்று வரிசையாக இறங்கி நிற்கின்றன. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தள்ளி, சித்தூர் ஹை ரோட்டிலும் இதே காட்சிதான். குடியிருப்புப் பகுதிகளில் கடைக்குப் பதில் கார் ஷெட். எங்கும் இரும்புத் தகடு, எங்கும் எனாமல் பெயிண்ட்.

குனிந்து பார்த்தால் கதை வேறு. மேலே பளபளப்பு. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கொப்புளங்கள், உரிந்து தொங்கும் பொருக்குகள், அவற்றின் கீழே செம்பழுப்பு நிறம். தெலுங்கில் துப்பு, தமிழில் துரு. இரண்டு மொழியும் சரளமாகப் புழங்கும் இந்த எல்லைப்புறத்தில் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் அதற்குக் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: அதன் மேலேயே இன்னொரு கோட்.

விளைவு: பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் ஆயுத பூஜைக்குள் கொப்புளிக்கிறது. கடைக்காரர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார். ஹார்டுவேர் கடைக்காரர் மேஸ்திரியைக் கை காட்டுகிறார். மேஸ்திரி மழையைக் காட்டுகிறார். மூவரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அடியில் இருந்த துருவைச் சுரண்டி எடுக்க யாரும் காசு கொடுக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

பெயிண்ட் வேலைக்குக் கணக்கு பெரும்பாலும் சதுர அடியில். இத்தனை அடி, இத்தனை கோட், இவ்வளவு ரூபாய். இந்தக் கணக்கில் நிறம் மட்டுமே தெரியும். எட்டடிக்கு ஏழடி ஷட்டர் ஒன்றை முறையாகச் சுரண்டித் தேய்த்துக் கழுவி உலர்த்த ஒரு முழு நாள் போய்விடும். நேராகப் பிரஷ்ஷை எடுத்தால் அதே ஷட்டரை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம். மாலையில் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். கூலியும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு நாள் கூலியை இழந்து யார் சுரண்டுவார்கள்?

இதில் பெயிண்டரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மூன்று பேரிடம் ரேட் கேட்டு, குறைந்த ரேட் சொன்னவருக்கு வேலை தருவது நம் வழக்கம். குறைந்த ரேட் எங்கிருந்து வருகிறது? டப்பாவின் விலையைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது உழைப்பு ஒன்றுதான்; அதிலும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு.

கட்டடங்களில் உள்ள இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கு ஒரு விதிமுறைத் தொகுப்பே இருக்கிறது. ஐ.எஸ். 1477 என்பது அதன் எண். அது இரண்டு பாகம். முதல் பாகம் முழுவதும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. பூசுவது இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. நம் தெருக்களில் முதல் பாகத்தைப் புரட்டாமலே இரண்டாம் பாகத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

அடிப்பட்டையின் எதிரிகள்

இந்தப் பகுதியின் ஷட்டர்கள் ஏன் எப்போதும் கீழிருந்தே துருப்பிடிக்கின்றன? காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. விடிந்தும் விடியாமலும் வாசல் தெளிக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கும் உண்டு, கடைக்கும் உண்டு. தெளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஷட்டரின் அடிப்பட்டையில் தெறிக்கிறது. ஆண்டுக்கு 365 முறை. சாணம் கரைத்த தண்ணீரானால் அது இடுக்கில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானால் அதில் கரைந்துள்ள உப்பு, நீர் வற்றிய பின் வெள்ளைக் கோடாகப் படிகிறது. உப்பு துருவின் நெருங்கிய கூட்டாளி. தெருநாய்களின் பங்களிப்பையும் மறப்பதற்கில்லை.

அடுத்து போஸ்டர். சினிமாவோ, தேர்தலோ, கண்ணீர் அஞ்சலியோ, மைதாப் பசை தடவி ஷட்டரில் ஒட்டப்படுகிறது. கடைக்காரர் அதை ஆணியாலோ கத்தியாலோ சுரண்டுகிறார். பெயிண்டில் கீறல் விழுகிறது. கீறல் வழியே தண்ணீர் போகிறது.

பிறகு வெயில். மேற்குப் பார்த்த ஷட்டரில் சித்திரை வைகாசி மாத மதியத்தில் கையை வைக்க முடியாது. இரும்பு வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. இளம் பெயிண்ட் அதற்கு ஈடுகொடுத்து நீளும்; வயதான பெயிண்ட் வெடிக்கும். கடைசியாக மழை. தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. 2021 நவம்பரில் திருப்பதி நகரத் தெருக்கள் ஆறாக ஓடியதை ஊர் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பின் ஷட்டர்களின் கீழ்ப்பகுதியிலும் இரு பக்கச் சானல்களிலும் சேறு தங்கியது. அதைக் கழுவாமல் விட்டவர்கள் துருவுக்கு விதை போட்டுவிட்டார்கள்.

நிலத்தின் பெயர்கூட மாறியது. 1911-ல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கடைகளின் பெயர்ப்பலகையில் மாவட்டத்தின் பெயரைத் திருத்துவது அரை மணி வேலை. பலகைக்குக் கீழே இருக்கும் இரும்பைக் காப்பாற்றுவது அவ்வளவு சுலபமல்ல.

ஒரு தலைமயிர் கனம்

இரும்பு துருப்பிடிக்க இரண்டே பொருள் போதும்: தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்று துருவாக மாற்றுகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. உள்ளே இருந்து துரு அதை நெம்பித் தள்ளுகிறது. துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பஞ்சு மாதிரி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துருவின் மேல் அடித்த பெயிண்ட் ஈரப் பஞ்சின் மேல் ஒட்டிய காகிதம். பெயிண்ட் இரும்பைப் பிடித்திருக்கவில்லை, துருவைப் பிடித்திருக்கிறது. துரு உதிரும்போது அதுவும் உதிர்கிறது.

எவ்வளவு மெல்லிய காவல் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் வரும் ஷட்டர் பட்டை 80 மில்லிமீட்டர் அகலம், 1.25 மில்லிமீட்டர் கனம். அதன் மேல் ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் உலர்ந்த பின் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டாலே அதிகம். ஒரு தலைமயிரின் கனம். இந்த மெல்லிய தோல் இரும்போடு இறுகப் பிடித்தால் ஐந்தாறு வருடம் தாங்கும். பிடிக்காவிட்டால் ஒரு மழைக்காலம்.

துருவோடு போராடுவது சின்ன விஷயமல்ல என்பதை நாடு சுதந்திரம் பெற்ற கையோடு உணர்ந்துவிட்டது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றுவரை ஆராயும் முக்கியமான பொருள்களில் ஒன்று உலோக அரிப்பு. கடற்காற்றில் இரும்பு என்ன பாடுபடுகிறது என்பதைக் கண்காணிக்க அது மண்டபத்தில் ஓர் ஆய்வு மையமே வைத்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. டெல்லி குதுப் மினார் அருகே சுமார் 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கும் இரும்புத் தூணுக்கு யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. அதன் இரும்பில் இன்றைய இரும்பில் இருப்பதைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பின் மேல் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலத்தைப் போர்த்திவிட்டது என்று விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். இன்று ஹார்டுவேர் கடைகளில் துரு நீக்கி என்று விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். அதுவும் செய்ய முயல்வது அதே பாஸ்பேட் படலத்தைத்தான். குப்தர் காலக் கொல்லரின் உத்தி பாட்டிலில் அடைத்து வருகிறது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

தூசியில் இருப்பது என்ன?

சுரண்டாத ஷட்டரால் போவது பணம். தவறாகச் சுரண்டிய ஷட்டரால் போகக்கூடியது உடம்பு.

ஈயம் என்ற சொல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2021 ஏப்ரல் இறுதியில், திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் இயங்கும் பாட்டரி ஆலைகளை மூடும்படி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. விதிகளை மீறவில்லை என்றது நிர்வாகம். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆலையின் ஈயத்தைப் பற்றி ஊரே பேசியது. கடை வாசலில் இருக்கக்கூடிய ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெயிண்டில் ஈயம் வந்தது கெட்ட எண்ணத்தால் அல்ல. ஈயக் குரோமேட் நல்ல மஞ்சள் நிறம் தரும். வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. ஆரஞ்சிலும் சிவப்பிலும் பச்சையிலும் அது புகுந்தது இப்படித்தான். ஈயச் சேர்மங்கள் பெயிண்டைச் சீக்கிரம் உலர வைத்தன. ரெட் லெட் எனப்படும் ஈயச் சிந்தூரம் துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரப் பிரைமர். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இன்று கடையில் கேட்கும் ரெட் ஆக்சைடு வேறு, ரெட் லெட் வேறு. ரெட் ஆக்சைடின் செங்கல் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. ரெட் லெட் பளிச்சென்ற ஆரஞ்சு. பழைய ஷட்டரைச் சுரண்டும்போது அடியில் ஆரஞ்சு நிறம் தென்பட்டால் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ரெட் ஆக்சைடோடு ஜிங்க் குரோமேட் கலந்த பிரைமர்களும் உண்டு. அந்தக் குரோமியம் புற்றுநோய் தரும் வகையைச் சேர்ந்தது.

வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 2016 நவம்பர் 1-ம் தேதி விதி வகுத்தது. அது ஓராண்டு கழித்து, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் பிறகும் சிறு கம்பெனிப் பெயிண்டுகள் சிலவற்றில் அளவு மீறிய ஈயம் இருந்ததை டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பின் சோதனைகள் காட்டின. சட்டம் புதுப் பெயிண்டுக்குத்தான். அதற்கு முன் இருபது முப்பது வருடமாக ஷட்டரின் மேல் கோட் கோட்டாக ஏறியிருப்பதைச் சட்டம் சுரண்டி எடுக்காது. அதைச் சுரண்டுபவர் லுங்கி கட்டிய, முகத்தில் துண்டு சுற்றிய பெயிண்டர்.

குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இழந்ததை மருந்தால் மீட்க முடியாது. தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் வயதுதான் அதிக ஆபத்து. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1990களின் கடைசியில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் உள்ளிட்ட ஏழு நகரங்களில் ரத்தத்தைச் சோதித்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் ஒழிந்தது. ஆனாலும் 2020-ல் யூனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்டரி உருக்குவது, மசாலாவில் கலப்படம், பாத்திரம் என்று அதற்கு வழிகள் பல. பெயிண்ட் அவற்றில் ஒன்று. நம் வாசலிலேயே இருப்பது.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் பாரிஸ் பக்கம் பார்க்கலாம். ஈஃபில் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 60 டன் பெயிண்ட் தேவை. 2019-ல் தொடங்கிய இருபதாவது முறை வேலையில், பழைய கோட்களை அடிவரை சுரண்டத் தொடங்கினார்கள். தூசியில் ஈயம் அதிகம் இருப்பது தெரிந்ததும் 2021 பிப்ரவரியில் வேலையையே நிறுத்தினார்கள். ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்தும் நிறுத்தினார்கள். திருப்பதியில் ஒரு பெயிண்டர் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டி ஷட்டரைத் தேய்க்கும்போது, பக்கத்துக் கடையில் தோசை வார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே எதுவும் நிற்பதில்லை.

தண்ணீரைத் தொட்டுச் சுரண்டுங்கள்

நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு சிக்கலுக்கும் தீர்வு ஒன்றே. நிதானமாக, ஈரத்தோடு சுரண்ட வேண்டும். 2017-க்கு முன் அடித்த பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிறத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முறை இதுதான்:

முதலில் பழைய பெயிண்டைச் சோதியுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடு கிழித்து, அதன் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் அங்கே முழுவதும் சுரண்ட வேண்டும். வராவிட்டால் நல்லது; உறுதியாக இருப்பதைப் பிடுங்க வேண்டாம். மேல்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் போதும்.

இரண்டாவது, கழுவுவது. சானல் ஓரத்தில் வழிந்த கிரீஸ், பூஜையில் தெறித்த எண்ணெய், கற்பூரப் புகை, மைதாப் பசை எல்லாம் போக வேண்டும். கிரீஸை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் உப்பில்லாத நல்ல தண்ணீர். மண்ணெண்ணெயால் மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தினால் அது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். கழுவாமல் உப்புத்தாள் போடக் கூடாது. போட்டால் எண்ணெயும் பசையும் இரும்புக்குள் அரைபட்டுவிடும்.

மூன்றாவது, சுரண்டுவது. கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தால் அது மூடியிருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பெயிண்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்கிராப்பராலும் கம்பி பிரஷ்ஷாலும் பொருக்கை எடுக்க வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர்: முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. பெயிண்டும் வெறும் இரும்பும் சந்திக்கும் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். தூசி பறக்காது, சேறாக வழியும். அதைத் துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடலாம். சாக்கடையில் ஊற்றக் கூடாது. முகத்தில் சுற்றும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிய என்-95 முகக் கவசம் தடுக்கும். பெயிண்டை நெருப்பு வைத்து உரிக்கும் ப்ளோ லாம்ப் கூடவே கூடாது. அந்தச் சூட்டில் ஈயம் புகையாகி நேராக நுரையீரலுக்குப் போகிறது.

நான்காவது, குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கி. கையுறை அவசியம். டப்பாவில் எழுதியபடி காயவிட்டுத் துடைத்துவிட வேண்டும். இது சுரண்டலுக்கு மாற்று அல்ல. சுரண்டியும் போகாத மிச்சத்துக்கு மட்டும்.

ஐந்தாவது, பிரைமர். இதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. பளிச்சென்று சுரண்டிய இரும்பை ஓர் இரவு வெறுமனே விட்டால் மறுநாள் காலையில் அதன் மேல் மெல்லிய மஞ்சள் படர்ந்திருக்கும். அன்று சுரண்டிய இரும்புக்கு அன்றே, நன்றாக உலர்ந்ததும், பிரைமர் போட்டுவிட வேண்டும். பட்டி பார்ப்பதானால் பிரைமருக்குப் பிறகு, நசுங்கிய இடத்தில் மட்டும். சுருண்டு ஏறி இறங்கும் ஷட்டரில் கனமான பட்டி வெடித்துவிடும்.

ஆறாவது, எனாமல். ஒரு கனமான கோட்டைவிட இரண்டு மெல்லிய கோட் நல்லது. இரண்டுக்கும் நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் காய வேண்டும். வெயில் நேராக விழும் நேரத்தில் அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும்; பிறகு சுருக்கம் விழும். மார்கழிக் காலையிலும் அடிக்கக் கூடாது. இரும்பு இரவில் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பனி அதன் மேல் படிந்திருக்கும். பட்டைகளின் கொக்கி இடுக்குகளில் பெயிண்ட் தேங்கினால் ஷட்டர் மக்கர் செய்யும். சானலின் உட்புறம், ஸ்பிரிங், பூட்டின் தாழ் ஆகியவற்றுக்குப் பெயிண்ட் கூடாது. உட்பக்கத்தை மறக்கக் கூடாது. மழையில் நனைந்த ஷட்டரைச் சுருட்டினால் ஈரம் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும்.

கடைசி கோட்டுக்குப் பிறகு குறைந்தது ஒரு நாள் முழுக்க ஷட்டரை இறக்கியே வைக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகச் சுருட்டினால் பட்டையோடு பட்டை ஒட்டி, அடுத்த முறை இறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். கடைக்காரர்களின் பெரிய சங்கடம் இது. வார விடுமுறை நாளைச் சேர்த்துத் திட்டமிடுவதுதான் வழி.

ஓர் எச்சரிக்கை. எல்லா ஷட்டரும் வெறும் இரும்பல்ல. தகட்டில் பூப்பூவாகச் சாம்பல் படிகம் தெரிந்தாலோ, துரு சிவப்பாக இல்லாமல் வெள்ளைப் பொடியாக இருந்தாலோ அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. அதன் மேல் சாதாரண எனாமலை நேராக அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். பெயிண்ட் தோல் தோலாக உரியும். அதற்கென்று தனிப் பிரைமர் உண்டு. கடையில் ஜி.ஐ.க்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பில்லில் ஒரு வரி

செலவு? எட்டடிக்கு ஏழடி என்றால் 56 சதுர அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 112. பட்டைகளின் வளைவையும் கணக்கில் சேர்த்தால் சுமார் பன்னிரண்டு சதுர மீட்டர். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் பத்து சதுர மீட்டர் ஓடும். ஆகவே, பிரைமர் ஒன்றேகால் லிட்டர், இரண்டு கோட் எனாமலுக்கு இரண்டரை லிட்டர். சுரண்டினாலும் சுரண்டாவிட்டாலும் டப்பாக் கணக்கு இதுதான். கூடுவது ஒரு நாள் கூலியும், சில வாட்டர் பேப்பரும், ஒரு முகக் கவசமும். ஒவ்வொரு வருடமும் அடிக்கும் பெயிண்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடித்தால், அந்த ஒரு நாள் கூலி லாபமா நஷ்டமா என்பதைக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லாபம் அவரோடு நிற்பதில்லை. பெயிண்டர் மாலையில் அதே லுங்கியோடு வீட்டுக்குப் போகிறார்; ஓடி வரும் குழந்தையைத் தூக்குகிறார். ஈயம் அவர் வீட்டு வாசலைத் தாண்டுவது இப்படித்தான். வேலை முடிந்ததும் கை முகம் கழுவவும் உடை மாற்றவும் ஒரு குழாயும் ஒரு மறைவும் தருவது வேலை கொடுப்பவரின் தயவு அல்ல, கடமை. அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று சொல்வதும் அதில் சேர்த்தி.

இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஷட்டர் வேலைக்கு ரேட் பேசும்போது கூலியை இரண்டாகப் பிரித்துப் பேசினால் போதும்: சுரண்டிக் கழுவிப் பிரைமர் போட இவ்வளவு, எனாமல் அடிக்க இவ்வளவு. முதல் வேலை முடிந்ததும் வந்து பார்த்து, கையால் தடவி, பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு டப்பாவைத் திறக்கச் சொல்லலாம். பெயிண்டருக்கும் அது வசதி. செய்த வேலைக்குக் காசு வரும் என்று தெரிந்தால் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. அவசரமும் இருக்காது, அவசரம் இல்லாவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க நேரம் இருக்கும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் அடுத்த மழைக்கு முன் இன்னும் ஏராளமான ஷட்டர்கள் புது நிறம் காணப் போகின்றன. எது நிற்கும், எது உரியும் என்பது கலர் கார்டில் இல்லை. பிரஷ் தொடுவதற்கு முதல் நாளே அது முடிவாகிவிடுகிறது.